பன்னிரண்டாவது சுற்று

"நம்ம வீட்ல யாருமே படிச்சதில்ல, இவளுக்கு மட்டும் ஏறிடுமா அண்ணி? பேசாம உங்க மிஷின்ல உக்கார வெச்சிடுங்க."

போன ஆவணியில், நீலசந்திராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், அத்தை என் எதிரிலேயே அம்மாவிடம் சொன்னது இது. அம்மா இருமிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் பத்தொன்பது வருடமாகக் கார்மென்ட்ஸ் வேலை. நெஞ்சு முழுக்கப் பஞ்சுத் தூசி. இனி அந்தத் தையல் ஹாலுக்குள் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா இல்லாத வீடு. எனக்கு வேலை கிடைக்கும்வரை அம்மா போயாக வேண்டும். போனார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிகிரியும் வாங்கினேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. ஒரு சாப்ட்வேர் கம்பெனி என்னை ஜாவா பயிற்சிக்கு எடுத்திருந்தது. மாதத்துக்கு ஒன்றாக நடக்கும் மூன்று தேர்வுகளில் ஒன்றிலாவது தேறினால் வேலை. இரண்டில் தோற்றுவிட்டேன்.

இரண்டிலும் என்னைக் கவிழ்த்த கணக்கு சின்னதுதான். பத்து எண்களை ஓர் அரேயில் வரிசையாக வைத்து, லூப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பெரியதைச் சொல்ல வேண்டும். பத்தும் ஒழுங்காக வரும். உடனே சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிடும். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டிருக்கலாம். இதுகூடத் தெரியாதா என்பார்களே! கேட்கவில்லை. எழுதியதையே மனப்பாடம் செய்து, அதே தப்பை மறுபடி எழுதினேன்.

மூன்றாம் தேர்வுக்கு முந்தைய வெள்ளி மாலை, அம்மனைப் பதினொரு சுற்று வருவதாக வேண்டிக்கொண்டேன். எண்ணிக்கை தப்பாமலிருக்கத் தட்டில் பதினொரு அரளிப் பூ. சுற்றுக்கு ஒன்றாகப் பலிபீடத்தில் வைக்க வேண்டும். "தாயே, எங்கம்மாவ அந்த ஹால்லேர்ந்து வெளிய எடு." வேறெதுவும் கேட்கவில்லை. அழுதபடியே நடந்தேன்.

ஒரு சுற்று முடிந்து பூவுக்காகத் தட்டைத் துழாவினேன். கையில் எதுவும் சிக்கவில்லை.

என்னோடு வந்து, மூச்சு வாங்கக் கோயில் படியில் உட்கார்ந்திருந்த அம்மா சத்தம் போட்டார். "ஏய், பதினொண்ணு எப்பவோ முடிஞ்சிதுடி! இல்லாத பூவ எங்க தேடுற?"

அப்படியே நின்றேன். என் லூப்பும் இதைத்தானே செய்கிறது! ஜாவாவில் அரேயின் முதல் இடம் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பது வரை போனாலே பத்தும் முடிந்துவிடும். நான் பத்து வரை போகச் சொல்லியிருந்தேன். இல்லாத பதினோராவதை அது தேடியது.

எழுத்துக்கூட்டத் தெரியாத அம்மாவின் வாயால் அம்மன் பதில் சொன்னாள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

தேறினேன். வேலை உறுதியானது. அம்மாவின் இருமல் போகவில்லை. கெட்டது கெட்டதுதான் என்கிறார் டாக்டர். என் கர்வம் விழுங்கிய இரண்டு மாதமும் அவர் அந்தத் தூசியைத்தான் சுவாசித்தார். அம்மனிடம் அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் புரியாததை உடனே கேட்டுவிடுகிறேன்.

சகோதரிகளே, வழி தெரியாமல் நிற்கிறவர்கள் அவளிடம் போய்க் கேளுங்கள். பதில் யார் வாயிலிருந்து வர வேண்டும் என்று மட்டும் நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

வேலை உறுதியானதற்கு அடுத்த திங்கட்கிழமை அம்மாவின் ராஜினாமாவை நான் எழுத, அம்மா கைநாட்டு வைத்தார். ஃபேக்டரி வாசலில் அதைக் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த அவருடைய டிபன் பாக்ஸையும் நூல் வெட்டும் சின்னக் கத்தரியையும் வாங்கி வந்துவிட்டேன்.