ஆண்டறிக்கையில் ஒரு கை

போன வருட ஆண்டறிக்கையின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு கை இருக்கிறது. மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி மக்காச்சோளத்தை உருவி எடுக்கும் பெண்ணின் கை. மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு. முழங்கைக்கு மேல் படத்தை வெட்டிவிட்டார்கள். கீழே ‘எங்கள் அறிவுச் செல்வம்’ என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. அந்தக் கை எங்கள் ஆய்வக அக்காவுடையது.

நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவனக் கம்பெனி. கணினிப் பொறியியல் படித்துவிட்டுச் சேர்ந்த என் தலையில் ஆண்டறிக்கை தொகுக்கும் வேலையும் விழுந்தது. அக்கா பள்ளிப் படிப்போடு வந்தவர். லாரி வந்து நின்றதும் சோளத்தை உள்ளங்கையில் தேய்த்து முகர்வார். பூஞ்சை வாடை அடித்தால் லாரி திரும்பிப் போகும். எந்த ஊர்ச் சோளம் எந்த மாதத்தில் ஈரம் கோக்கும் என்று பல வருடங்களாக நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதை வரி வரியாகக் கணினியில் ஏற்றியது நான். பிறகு அதற்கு ‘நிறுவனத்தின் சொந்த மென்பொருள்’ என்று பெயர் வந்தது.

எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். பழைய அறிக்கைகளை மேசையில் வரிசையாக வைத்தேன். கம்பெனி முதலாளி குடும்பத்துக்குள் சின்னதாக இருந்தபோது அறிக்கை பன்னிரண்டே பக்கம். அதில் அக்காவுக்குப் பெயர் சொல்லி ஒரு வரி நன்றி. பங்குச் சந்தைக்குப் போன பின் வெளி இயக்குநர்கள் வந்தார்கள், பெரிய தணிக்கையாளர் வந்தார், அறிவுச் சொத்துக்கென்றே எட்டுப் பக்கம் வந்தது. பெயர்கள்தான் போய்விட்டன. பெரிய கம்பெனிகள் அறிக்கையில் நிறையத் தகவல் வெளிப்படுத்தும் என்று படித்திருக்கிறேன். எதை என்று யாரும் கேட்பதில்லை.

போன வருடம் அந்தக் கைப் படத்தின் கீழே அக்காவின் பெயரை நான் போட்டிருந்தேன். மேலாளர் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அடுத்த மாதமே, அந்த நோட்டைத் தன் தகுதியாகச் சொல்லி, ஆய்வக மேற்பார்வையாளர் பதவிக்கு அக்கா விண்ணப்பித்தார். அந்த நோட்டு அவருடையது என்பதற்கு ஆதாரம் எங்கே, அறிக்கையில்கூட இல்லையே என்றார் அதே மேலாளர்.

“எட்டுப் பக்கம் எழுதியிருக்கறீங்களே அம்மிணி, மோந்து பாத்த மூக்கு எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?” என்று அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

பதவி ஒரு பட்டதாரிக்குப் போயிற்று. அக்கா புதுச்சத்திரத்தில் வேறொரு தீவன ஆலைக்குப் போனார். கிளம்பும்போது மேலாளரிடம், “நோட்டு கம்பெனியோடதுன்னு சொல்லிப்போட்டீங்க, வெச்சுக்கங்க. மூக்கை நான் கொண்டுட்டுப் போறனுங்க” என்றார்.

இப்போது இந்த வருட அறிக்கை தயாராகிறது. “அந்தக் கை நல்லாருந்துச்சும்மா, அதையே போட்டுரு” என்கிறார் மேலாளர். போட்டிருக்கிறேன். கீழே அக்காவின் முழுப்பெயர், வேலை செய்த வருடங்கள், நோட்டு அவருடையது என்று ஒரு வரி. எடுக்க வேண்டுமென்றால் இம்முறை வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன்.