காயவைத்த சாம்பியன்

எங்கள் ஊர் அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ஒன்பது நாள் காத்துக் கிடந்தபோதுதான், கூண்டுச் சண்டையில் சாம்பியனான ஒரு ஸ்வீடன்காரன் மேல் எனக்கிருந்த பைத்தியம் தெளிந்தது. அவனுடைய முதல் சண்டையிலிருந்து ஒன்றுவிடாமல் செல்போனில் பார்த்தவன் நான். அன்று பார்த்தது சண்டை அல்ல. சண்டைக்கு முன்னால், தன் எடைப் பிரிவுக்குள் வருவதற்காக அவன் உடம்பைக் காயவைத்த வீடியோ. வெந்நீர்த் தொட்டியில் போட்டார்கள். கனத்த துண்டுகளைச் சுற்றி வேர்க்கவைத்தார்கள். மிச்சமிருந்த எச்சிலையும் அவன் ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தான். பாட்டில் பாதி நிறைந்திருந்தது. செல்போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துக் குவியலுக்குச் சொந்தக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருங்க இது, சீக்காளியா?"

"சாம்பியனுங்க. எடை போடுறதுக்காகக் காயவைக்கிறாங்க."

"நம்ம நெல்லு மாதிரி," என்றார். சிரிக்கவில்லை.

ஈரம் அதிகம் என்று எங்கள் நெல்லை இரண்டு முறை தள்ளியிருந்தார்கள். தார் ரோட்டில் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காயவைத்தோம். மூன்றாம் முறை ஈரம் சரியாக இருந்தது. சாக்கு இல்லை, நாளைக்கு எடை போடலாம் என்றார்கள்.

வீடியோவில் அவன் தராசை விட்டு இறங்கியதும் நாலு பேர் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். எடை போட்ட பின்பு அவனுக்குக் கொடுத்ததை, எங்கள் நெல்லுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டது அன்று சாயங்காலம் பிடித்த மழை.