மேடம் மலைக்கு வந்த நாள்

போளூர் பேருந்து ஜமுனாமரத்தூரில் வந்து நின்றபோது, எல்லோரும் இறங்கி முடித்த பிறகு கடைசியாக மேடம் இறங்கினார். மலைப்பாதை வளைவுகள் அவரைப் புரட்டிப் போட்டிருந்தன. முகம் வெளுத்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, மடிக்கணினிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். மார்கழிக் குளிருக்கு அவர் கொண்டுவந்திருந்தது ஒரு மெல்லிய பருத்தித் துப்பட்டா மட்டும்தான். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. “முதல்ல ஒரு எலுமிச்சம்பழம் கிடைக்குமா பாருங்க” என்றார். சென்னை அலுவலகத்தில் பல வருடங்கள் எனக்கு மேலாளராக இருந்தவர், தனக்கென்று என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

நாங்கள் சேர்ந்து செய்த வேலையை வெளியாளுக்கு விளக்குவது கொஞ்சம் கடினம். கடல் கடந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குகளை நடத்தும் கணினி நிரல்கள், நான் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதிவைத்தவை. எழுதியவர்கள் எல்லாம் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத அந்த நிறுவனத்துக்குத் துணிவில்லை. ஆகவே அது நின்றுவிடாமல் ஓட வைப்பதற்கென்று எங்களைப் போல ஒரு சிறு கூட்டம் தேவைப்பட்டது. அவர்களுக்குப் பகல் என்றால் எங்களுக்கு இரவு. அவர்களுக்கு மாதக் கடைசி என்றால் எங்களுக்குத் தூக்கமில்லை. அந்த நிரல்மொழிக்கு கோபால் என்று பெயர். என் மாமியார் வெகுகாலம் அதை என் முதலாளியின் பெயர் என்றே நினைத்திருந்தார். “இந்தப் பொங்கலுக்காவது கோபாலு லீவு வுடுவாரா?” என்று கேட்பார். சிரித்துக்கொண்டே இல்லை என்பேன். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் பெரிய தவறொன்றும் இல்லை.

என் மனைவி ஜமுனாமரத்தூரில் செவிலியர். அரசு வேலை, அவளுக்குப் பிடித்த வேலை. அதை விட்டுவிட்டுச் சென்னைக்கு வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளும் அவளோடு மலையிலேயே இருந்தாள். நான் முடிந்த வாரங்களில் சனிக்கிழமை வந்து, ஞாயிறு மதியம் கிளம்பிவிடுவேன். வந்தால் பாதி நேரம் தூங்குவேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து அறையில் மகள் அவள் அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது. “அப்பா எப்போ அவங்க வூட்டுக்குப் போவாங்க?” அவள் குரலில் வருத்தமும் இல்லை, வெறுப்பும் இல்லை. விருந்தாளி போன பிறகு தன் கட்டிலில் படுக்கலாம் என்று காத்திருக்கும் குழந்தை கேட்கும் கேள்வி. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேலையை விடுகிறேன் என்று மேடத்திடம் சொன்னபோது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டைக் கூட மேசையிலேயே, ஒரு கை விசைப்பலகையில் இருக்க, மறு கையால் சாப்பிடுகிறவர் அவர். “வேற கம்பெனியா?” என்றார். இல்லை, மலையில் விவசாயிகள் சேர்ந்து சாமை அரைக்கும் ஆலை ஒன்று தொடங்கியிருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள் என்றேன். அப்போதுதான் திரும்பினார். “மில்லுல நிக்கப் போறீங்களா? விளையாடுறீங்களா?” என்று கேட்டார். மகள் சொன்னதை அவரிடம் சொன்னேன். “சரி, உங்க இடத்துக்கு ஒரு ஆளைத் தயார் பண்ணிட்டுப் போங்க” என்றார். ஆனால் தயாராக ஆள் கிடைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் யாரும் அந்தப் பழைய மொழியைத் தொட விரும்பவில்லை. தொட்டால் வாழ்நாள் முழுக்க அதிலேயே கிடக்க வேண்டிவரும் என்று பயந்தார்கள். கடைசியில் மேடமே என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மேலாளரான பிறகு மறந்துபோனவற்றையெல்லாம் மறுபடி தோண்டியெடுத்தார். எனக்கு விடுதலை கிடைத்தது. என் சுமை அவர் தலைக்குப் போனது. இது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஆலை வேலை எளிதாக இல்லை. சாமையின் உமி வழுவழுப்பானது. இயந்திரத்தைக் கொஞ்சம் இறுக்கினால் அரிசி நொறுங்கும், தளர்த்தினால் உமி போகாது. முதல் பருவத்தில் நான் நொறுக்கித் தள்ளியதே அதிகம். போளூரில் என் அண்ணன், “பொண்டாட்டி சம்பளத்துல ஒக்காந்து துன்றதுக்கு இன்ஜினீயரிங் எதுக்குடா படிச்ச?” என்று உறவினர் முன்னால் கேட்டார். வலிக்கத்தான் செய்தது. சம்பளம் குறைந்தது உண்மை. சென்னை வீட்டுச் சாமான்களில் பாதியை விற்றதும் உண்மை. ஆனால் மாலையில் ஆலையைப் பூட்டிவிட்டு நடந்தால் வீடு வந்துவிடும். அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அது பழகவே எனக்குச் சில மாதங்கள் ஆயின. தொலைபேசி அதிராமலே அதிர்வது போலச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நிலைமையில்தான், நான் வேலையை விட்டபின் வந்த மார்கழியில், மேடம் அழைத்தார். ஆண்டுக் கடைசிக் கணக்கு நடுவில் நின்றுவிடுகிறது, தொலைபேசியில் பேசி முடியாது, நேரில் வருகிறேன் என்றார். வந்து உட்கார்ந்தால் என்னை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டுதான் போவார் என்று மனைவியிடம் சொன்னேன். “வரட்டுமே. போறதும் போவாததும் உங்க கையில தான கீது” என்றாள்.

எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே மேடம் என்னோடு ஆலைக்கு நடந்து வந்தார். அன்று சாமை மூட்டைகளோடு ஏழெட்டுப் பெண்கள் மலைக் கிராமங்களிலிருந்து வந்து காத்திருந்தார்கள். கடைசி வண்டிக்குள் அவர்கள் திரும்பியாக வேண்டும். முன்னால் நின்ற அம்மா மேடத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “இன்னா சார், ஆபீசரா? மிஷினை செக் பண்ண வந்துகிறாங்களா?”

“இல்லம்மா, எங்க பழைய ஆபீஸ் மேடம்.”

“அப்போ சித்த ஒக்காரச் சொல்லு. எங்களை அனுப்பிட்டுப் பேசு.”

நான் தயங்கி மேடத்தைப் பார்த்தேன். ஒரு காலத்தில் அவர் அழைத்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறேன். “அவங்க சொல்றது சரிதான். முதல்ல அவங்களை அனுப்புங்க” என்றார் மேடம். பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு அவரும் சும்மா இருக்கவில்லை. இயந்திரத்திலிருந்து அரிசி விழும் இடத்தில் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது; போய்ப் பிடித்துக்கொண்டார். உமித்தூசி அவருடைய மூக்குக்கண்ணாடி, தலைமுடி, துப்பட்டா எல்லாவற்றிலும் படிந்தது. தும்மினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தன் முந்தானையால் அவர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். அலுவலகத்தில் அவருடைய கண்ணாடியைத் தொட யாருக்கும் தைரியம் வந்திருக்காது.

மூட்டைகள் எல்லாம் போன பிறகு, தேநீர் வாங்கி வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். “திறங்க மேடம், பாக்கலாம்” என்றேன். அவர் பையைத் திறக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார்.

“அதை நேத்தே சரி பண்ணிட்டேன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “அப்புறம் எதுக்கு மேடம் இவ்ளோ தூரம்?”

“ஆபீஸ்ல உங்களைப் பாத்தாதான் சரியாகும்னு சொல்லிட்டு வந்தேன். இல்லன்னா என்னை விட மாட்டாங்க. நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு. வேலையை விட்டவங்க நிஜமாவே நல்லா இருக்காங்களா, இல்ல சும்மா சொல்லிக்கிறாங்களான்னு.”

நல்லா இருக்கேன் மேடம் என்றேன். எளிமையான பதில்தான், ஆனால் அதைச் சொல்லும்போதுதான் அது உண்மை என்று எனக்கே உறுதியானது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், திரும்பி வருகிறீர்களா என்று அலுவலகத்தில் கேட்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் மேடம் சொன்னார். வேண்டாம் என்றேன். “நல்லது. கேட்டுட்டேன்னு சொல்லிடறேன்” என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அன்று மாலை எங்கள் வீட்டில் களியும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டார். இவர் தினமும் வீட்டில் இருப்பது உங்களுக்குப் பரவாயில்லையா என்று மனைவியிடம் கேட்டார். “மொதல்ல தொல்லையாத்தான் இருந்துச்சு மேடம். கொழம்பு கொதிக்கும்போது பக்கத்துல வந்து நின்னு, ஏன் இதை முன்னாடி போட்ட, அதை ஏன் பின்னாடி போட்டன்னு கேப்பாரு. இப்போ அவரையே செய்யச் சொல்லிட்டேன்” என்றாள். அந்தக் குழம்பும் நான் வைத்ததுதான். மேடம் வாய்விட்டுச் சிரித்தார். மகள் அவருக்குத் தன் கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சின்னக் கம்பளி, தோளை மட்டும்தான் மூடியது. மறுநாள் காலை அதைப் போர்த்திக்கொண்டுதான் பேருந்து ஏறினார். திருப்பித் தர மறந்துவிட்டார். நாங்களும் கேட்கவில்லை.

மேடம் என்னைப் போல வேலையை விடவில்லை. அவருக்கு அந்த அலுவலகம் பிடிக்கும், பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சில மாதங்களில், தன் இடத்துக்கு எப்படியோ ஒரு ஆளைத் தயார் செய்துவிட்டு, அந்தப் பிரிவிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவு. பகல் வேலை மட்டும். பதவியில் அது ஒரு படி இறக்கம் என்று பழைய நண்பர்கள் பரிதாபமாகச் சொன்னார்கள். நான் பரிதாபப்படவில்லை.

மாற்றலுக்குப் பிறகு ஒரு நாள் ஆலையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. சூரியன் இன்னும் இறங்கவில்லை. ஏதாவது சிக்கலா என்று பதறிக் கேட்டேன்.

“சிக்கல் ஒண்ணும் இல்ல. இன்னிக்கு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துட்டேன். வாட்ச்மேன் உடம்பு சரியில்லையான்னு கேக்கறாரு” என்றார். பின்னால் காக்கைச் சத்தமும் எங்கோ குழந்தைகள் விளையாடும் சத்தமும் கேட்டன. “பசங்க டியூஷன் போயிருக்காங்க. என்ன பண்றதுன்னு தெரியல. மொட்டை மாடியில வந்து நிக்கிறேன்.”

“சும்மா நில்லுங்க மேடம்” என்றேன்.