என் தலையில் அவன் மாட்டிய ஹெல்மெட்

போன வருடம் கோடையில், பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரி வாசலில் நடந்தது இது.

இளைஞர்கள் ஏன் அடிதடியில் இறங்குகிறார்கள், அதைத் தடுப்பது எப்படி என்று ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. தெருத் தெருவாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பி வருவது என் வேலை. கோபத்தைச் சமாளிப்பது பற்றி எங்களுக்கே இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிரியாணி தீர்ந்துபோனதற்காக நான் பரிமாறியவரிடம் கத்தியதைத் தவிர, பயிற்சி நன்றாகவே நடந்தது.

அன்று எனக்குக் கிடைத்தவன் இருபத்திரண்டு வயதுப் பையன். முன்பு ஒரு தெருச் சண்டையில் மாட்டி, ஸ்டேஷனில் பெயர் ஏறியவன். இப்போது ஆபீஸ் வேன் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. போலீஸ் சான்றிதழ்தான் பாக்கி.

"நாலு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க சார். அதுக்குள்ள கேட்டு முடிச்சிடுங்க," என்றான்.

யாராவது சீண்டினால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"நீங்க என்னா செய்வீங்க சார்?"

"நானா? பத்து வரைக்கும் எண்ணுவேன் தம்பி. அப்புறம் நகர்ந்து போயிடுவேன்."

"சூப்பர் சார்," என்று பப்ஸைக் கடித்தான். நம்பியதாகத் தெரியவில்லை.

பேசி முடித்து ஹெல்மெட்டைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பைக், நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரை இடித்துக் கீழே தள்ளியது. வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஓட்டி வந்தவர் இறங்கி, வண்டியை இங்கே ஏன் நிறுத்தினாய் என்று கன்னடத்தில் என்னையே திட்டினார். நான் ஒன்றுகூட எண்ணவில்லை. அவர் காலரைப் பிடித்து, ஹெல்மெட்டை ஓங்கிவிட்டேன்.

பையன் ஓடி வந்தான். அந்தத் தெருவில் அடிதடி என்றால் போலீஸ் முதலில் விசாரிப்பது அவனைத்தான். சான்றிதழும் வேலையும் அன்றோடு போயிருக்கும். அவனோ என் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி, என் தலையிலேயே கவிழ்த்து, பட்டையையும் மாட்டிவிட்டான். முகத்தை முழுக்க மூடும் ஹெல்மெட். நான் கத்தியது எனக்கு மட்டும்தான் கேட்டது. என் மூச்சுக்காற்றில் முன் கண்ணாடி வேறு மங்கிவிட்டது. எதிரில் இருப்பவர் தெரியாமல் எவ்வளவு நேரம்தான் கோபப்படுவது?

"தப்பாய்த்து அண்ணா, ஹோகி," என்று எனக்காக அவரிடம் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டு, போகச் சொன்னான். அவர் என் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

"இப்ப எண்ணுங்க சார்," என்றான் பையன்.

உள்ளேயே எண்ணினேன். ஆறு வந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "உனக்குப் பயமா இல்லியாப்பா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு சார். உங்களைன்னா எழுதி வாங்கிட்டு விட்ருவாங்க. என்னைய யாரு விடுவா?" என்று மணியைப் பார்த்தான்.

ஹாண்டில் கோணிய ஸ்கூட்டரில் நானே அவனை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க, "யாரையும் முறைக்காம ஓட்டுங்க சார்," என்று சொல்லிக்கொண்டே வந்தான். சில நாட்களில் சான்றிதழ் கிடைத்தது. வேனின் முன் நின்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பினான்.

சண்டையைக் கண்டதும் அவன் நடையைக் கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கைக்கு வந்த வேலையைப் பணயம் வைத்து என் பக்கம் ஓடி வந்தானே, அதை நினைத்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதற்கே கொஞ்சம் தாமதமாகிறது.