எண்ணெய் போடாத சங்கிலி

திண்டிவனத்தில் இருந்தவரை என் மகன் தூங்கின தூக்கம் இருக்கிறதே, கண்ணு படும். பிரசவத்துக்கு நான் போயிருந்த அம்மா வீடு பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருக்கிறது. ஹாரன் காதைக் கிழிக்கும். கூடத்து உத்தரத்தில் தொங்கும் பழைய இரும்புச் சங்கிலியில் அம்மா தன் நூல் புடவையால் ஏணை கட்டியிருந்தார். அதில் போட்டு நாலு ஆட்டு ஆட்டினால் பயல் தூங்கிவிடுவான். அப்புறம் போகிற வருகிறவர்கள் ஆளுக்கொரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள்.

விழுப்புரத்துக்கு, என் கணவர் வீட்டுக்கு வந்தோம். பிடித்தது சனியன். அது வாடகை வீடு. கூரையில் கொக்கி மாட்ட வீட்டுக்காரர் விடவில்லை. என் கணவர் இரும்பு ஸ்டாண்டு ஒன்று வாங்கி வந்து, புடவையைக் கட்டுவதற்கு முன்பே அதன் மூட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். “பாரு, சத்தமே இல்ல. வெண்ணெ மாதிரி போவுது” என்று பெருமை வேறு.

குழந்தை தூங்கவில்லை. அதே மாதிரி நூல் புடவை, அதே குழந்தை. மிக்சியை நிறுத்தினோம், டிவியை நிறுத்தினோம், பாயில் போட்டோம், கட்டிலில் போட்டோம். தோளில் தூங்குவான், கீழே விட்டால் வீல் என்று கத்துவான்.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பாளர் வேலை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மாமியாருக்கு முழங்கால் வலி. “தோள்ல போட்டுக்கினு என்னால நடக்க முடியாதும்மா. ஏணைல தூங்கினான்னா பாத்துக்கறேன். இல்லன்னா வேலைய வுட்டுடு” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட வேண்டியவள் மட்டும் எப்போதும் நான்தானா? ஆனால் அவர் முழங்காலைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில் ஆரம்பித்த அழுகை கூடத்துக்குள் வந்தும் ஓயவில்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, இருந்த எரிச்சலில், அவிழ்க்காமல் விட்டிருந்த வெறும் ஏணையை ஒரு தள்ளு தள்ளினேன்.

“அடிப்பாவி! வெறும் ஏணைய ஆட்டாத, புள்ளைக்கு வயிறு வலிக்கும்!” என்று அம்மா ஓடி வந்து அதைப் பிடித்து நிறுத்தினார்.

ஏணை ஆடிய அந்தக் கொஞ்ச நேரம் அழுகை நின்றிருந்தது. நிறுத்தியதும் மறுபடியும் ஆரம்பித்தான். நான் வேண்டுமென்றே இன்னொரு முறை தள்ளினேன். துருப்பிடித்த சங்கிலி கிறீச், கிறீச் என்றது. பயல் வாயை மூடிக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தான். அட கடவுளே! இவன் தாலாட்டையல்லவா நாங்கள் எண்ணெய் விட்டு ஒழித்திருக்கிறோம்!

“அம்மா, அந்தச் சங்கிலியக் கழட்டிக் குடு.”

“பொண்ணு குடுத்தேன், சீர் குடுத்தேன். துருப்புடிச்ச சங்கிலி கூடவாடி வேணும்?” என்றார் அம்மா. ஆனாலும் ஸ்டூல் போட்டு ஏறினார்.

அன்று சாயங்காலமே அதை ஸ்டாண்டில் மாட்டினோம். என் கணவர் எண்ணெய்ப் புட்டியோடு வந்து நின்றார்.

“தொட்டீங்கன்னா பாருங்க!” என்று கத்தினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் வேலையில் இருந்தபோது மாமியாரின் போன் வந்தது.

“தூங்கறான்” என்றார். பின்னால் கிறீச், கிறீச்.

“தூங்கறான்னா ஏன் அத்தை இன்னும் ஆட்டறீங்க?”

“நிறுத்தினா முழிச்சிக்கறானே! பெரிய பேஜாரும்மா, கை வுட்டுப் போச்சு. நாளைக்கும் நான்தான ஆட்டணும்? வரும்போது கைக்குத் தைலம் வாங்கிக்கினு வா.”