சுத்தம் செய்து அனுப்பிய படங்கள்

1. ரவை

அன்று ஸ்கேன் அறையில் இருந்தவர்கள்: டியூட்டி டாக்டரம்மா. படுக்கையில் பாப்பாத்தி, மலையில் குண்டூர் நாடு என்கிற பக்கம் மிளகு பறிக்கிறவள். கதவோரம் முதுகு காட்டி நின்ற அவள் புருஷன். கம்ப்யூட்டர் முன்னால் நான். எட்டாவது பெயில். அட்டெண்டராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்து வேலை கற்றவள்.

எங்கள் சென்டர் மலைமேல், வாசலூர்பட்டியில். மெஷின் பழையது. படம் புழுதியடித்த மாதிரி வரும். ரிப்போர்ட் எழுதுவது அடிவாரத்தில் இருக்கும் பெரிய டாக்டர். போனில் கத்துவார்.

"ஏம்மா, படம் அனுப்புறீங்களா, மணல் அள்ளி அனுப்புறீங்களா?"

ஓனர் ஒரு சாஃப்ட்வேர் போட்டுத் தந்தார். எடுத்த படத்தை அதில் போட்டு அழுத்தினால் புழுதி போகும், விளிம்பு கூர்மையாகும். எவ்வளவு சுத்தம் வேண்டுமென்று ஒன்று முதல் ஐந்து வரை வைக்கலாம். நான் எப்போதும் ஐந்து. பெரிய டாக்டர் கத்துவதை நிறுத்தினார். எனக்குப் பெருமை.

பாப்பாத்திக்கு இடது மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. திரையில் கட்டிக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

"டாக்டர், உள்ள ரவை ரவையா இருக்குதுங்க."

"அது நாய்ஸ்க்கா, மெஷின் போடுற புழுதி. இந்த மெஷின் எதுலதான் புள்ளி போடல? உங்க பட்டனை அழுத்துங்க, போயிரும்."

பாப்பாத்தி படுத்தபடியே சிரித்தாள். "எனக்குத் தெரியாம உள்ளாற உப்புமா கிண்டுறீங்களாக்கா?"

ஐந்தில் வைத்து அழுத்தினேன். போய்விட்டது. அந்தப் படம்தான் கீழே போனது. ரிப்போர்ட் வந்தது: சாதாரணக் கட்டி, ஆறு மாதம் கழித்துப் பார்க்கவும்.

"பயமில்லீங்களாக்கா?"

"ஒன்னுமில்ல சாமி. ஊட்டுக்குப் போ." சொன்னது நான்தான்.

2. ஒரிஜினல்

சொன்ன ஆறு மாதம் முடிந்தபோது மிளகுப் பறிப்பு. அவள் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தாள். அக்குளில் இன்னொரு கட்டி. டாக்டரம்மா அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். அன்று பெரிய டாக்டரே மேலே வந்து ஸ்கேன் செய்தார். புள்ளிகளைப் பார்த்ததும் கை நின்றது.

"இது சுண்ணாம்புப் புள்ளி, புத்துநோய்க் கட்டியில வர்றது. போன தடவை ஒரிஜினலைக் காட்டுங்க."

"இல்லீங்க சார்."

கம்ப்யூட்டரில் இடம் பற்றாது. சனிக்கிழமைதோறும் ஒரிஜினலை அழித்துவிட்டுச் சுத்தம் செய்ததை மட்டும் வைப்போம். ஓனர் உத்தரவு.

"புள்ளி அன்னைக்கே இருந்துச்சுங்க சார். நான் பார்த்தேன்."

"அப்புறம் ஏம்மா எனக்கு அனுப்பல?"

"நீங்க புழுதி வேண்டான்னீங்க."

அவர் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

வெளியே புருஷன் ஓனரிடம் கேட்டார். "ஏனுங்க, நாங்க ரெண்டு மாசம் பிந்தினதாலங்களா?"

"ஆமாங்க, சொன்ன தேதிக்கு வந்திருக்கணும்" என்றார் ஓனர்.

"அதனால மட்டும் இல்லீங்க" என்றேன். நடந்ததைச் சொன்னேன். ஓனர் என்னைப் பார்த்த பார்வையில் வேலை போனது தெரிந்தது.

பாப்பாத்தி கேட்டாள். "நீங்க பாத்தீங்களாக்கா?"

"பார்த்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா, மிளகு கெடந்து போகுதுன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பனே."

சேலத்தில் மார்பை எடுத்தார்கள். அடுத்த பறிப்புக்கு அவள் இல்லை.

3. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

எடுத்த படத்தில் இல்லாததை எந்த சாஃப்ட்வேரும் கொண்டுவராது. இருப்பதை மழுங்கடிக்கும். புழுதி எது, நோய் எது என்று அதற்குத் தெரியாது. படத்தைச் சுத்தம் செய்யுங்கள். ஆனால் ஒரிஜினலையும் சேர்த்து அனுப்புங்கள். அழிக்காதீர்கள். திரையில் கண்ணில் பட்டதை எழுதி வையுங்கள். டாக்டர் திட்டினால் திட்டட்டும்.

ஓனர் என் கணக்கைத் தீர்த்து அனுப்புமுன் ரிஜிஸ்டரில் இருந்து ஒரு பட்டியல் எழுதிக்கொண்டேன். நான் ஐந்தில் வைத்து அனுப்பிய மார்புப் படங்கள். பெயர், ஊர், போன் நம்பர். பெரிய டாக்டர் இலவசமாக மறுபடி பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். போன் கிடைத்தவர்களுக்குப் போன். கிடைக்காதவர்களைத் தேடி திண்ணனூர் நாடு வரை நடந்தேன். சிலர் வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

பட்டியலில் அறுபத்து மூன்று பெண்கள். திரும்ப வந்து காட்டியவர்கள் பதினொன்று.