தொண்ணூறு நாள் பை

குருநகர் அடைக்கலநாதன் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் பிரியந்தினிதான். அவள் என்ன படித்தாள் என்பது, கடலுக்குப் போய் அவளைப் படிப்பித்த தகப்பனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

“லோகோ கீறுறது எண்டால், வள்ளத்துக்குப் பேர் எழுதுற மாதிரியோ?”

“ஓம் அப்பா.”

‘இல்லை’ என்று சொன்னால் அதை விளங்கப்படுத்த இன்னொரு நாலு வருசம் வேண்டும்.

பட்டம் வாங்கி ஒன்றரை வருசம் கழித்துத்தான் ஒரு வேலை அகப்பட்டது. அதுவும் மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்ற வேலை. உரும்பிராயில் கோபிசங்கர் என்பவர் வாழைத்தண்டு நாரில் தடித்த தாள் செய்து, அதில் பைகள் ஒட்டினார். சொப்பிங் பாக் என்ற பொலித்தீன் பையை யாழ்ப்பாணத்தை விட்டே கலைப்பது அவருடைய இலட்சியம். பைக்கு ஒரு பெயர், ஒரு சின்னம், மொத்தத்தில் ஒரு முகம் வேண்டும். முதல் வாடிக்கையாளர் அதை ஏற்றுக்கொண்டால் பிரியந்தினியின் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பை மண்ணோடு மண்ணாக எடுக்கும் காலமும் தொண்ணூறு நாள்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஆயுள்.

பூமி உருண்டையும் பச்சை எழுத்தும் போடமாட்டேன் என்று முதல் நாளே தீர்மானித்தாள். அதைத்தான் எல்லாரும் போடுகிறார்களே. வெளிறிய தாளில் மெல்லிய கறுப்புக் கட்டம். நடுவே நீள்வட்டத்துக்குள் ஒற்றை வாழையிலை. கீழே ‘மீள்’ என்ற பெயர். இடப்பக்கம் ‘உருவான நாள்’, வலப்பக்கம் ‘மண்ணாகும் நாள்’, இரண்டுக்கும் திகதி. ஒவ்வொரு பையும் தன் ஆயுளைத் தானே சொல்லும். அந்த யோசனை வந்தபோது தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

“வெளிநாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு, தங்கச்சி” என்றார் கோபிசங்கர். இருநூறு பை அச்சாகி, முதல் வாடிக்கையாளரான, மிளகாய்த்தூள் விற்கும் நல்லம்மாவின் கடைக்குப் பிரியந்தினியோடு போயிற்று.

நல்லம்மா ஒரு பையை எடுத்துக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“ஆர் செத்தது, பிள்ளை?”

“ஒருத்தரும் இல்லை அம்மா. இது தூள் போடுற பை.”

“அப்ப உந்தக் கறுத்தக் கட்டம்? உந்தத் திகதியள்? படத்தை மட்டும்தான் காணேல்லை.”

“நடுவிலை இலை இருக்கு, அம்மா.”

“இலை எண்டு எனக்கும் தெரியுது. கலியாண வீட்டுக்கு, சாமத்திய வீட்டுக்கு எண்டு தூள் வாங்க வாற சனத்துக்கு உதுக்கை போட்டுக் குடுத்தால், பிறகு என்ரை கடைப்பக்கம் எட்டியும் பாக்குங்களோ?”

தூள் வாங்க நின்ற பெண் ஓரடி பின்னால் தள்ளி நின்றாள்.

திரும்பி வரும்போது பிரியந்தினி பஸ் யன்னலால் மதில்களைப் பார்த்தாள். கண்ணீர் அஞ்சலி. கறுப்புக் கட்டம், நீள்வட்டம், இடப்பக்கம் ஒரு திகதி, வலப்பக்கம் ஒரு திகதி. இரண்டு மதில் தாண்டினால் இன்னொன்று. நாலு வருசம் நூலகத்தில் வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டி உண்டாக்கியது என்று அவள் நம்பிய சொந்தப் பாணி, பிறந்ததிலிருந்து பார்த்த மதில்களில்தான் ஒட்டிக் கிடந்தது. அப்படியென்றால் பல்கலைக்கழகத்தில் என்னதான் படித்தேன்? அவளுக்கே இப்போது பிடிபடவில்லை.

“கிளிப்பச்சையிலை எழுதும். பக்கத்திலை ஒரு பூமி உருண்டை” என்றார் கோபிசங்கர். “திங்கக்கிழமைக்கிடையிலை தராட்டி நான் வேறை ஆளைப் பாக்கிறன்.”

பூமி உருண்டையைக் கீறினாள். லட்சணமாகத்தான் வந்தது.

திங்கட்கிழமை அதைக் கோபிசங்கரிடம் நீட்டும்போதே சண்முகநாதன் என்றொருவர் வந்து சேர்ந்தார். தாய் இறந்து பதினைந்து நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குத் தூள் வாங்கப் போன இடத்தில், நல்லம்மா மூலையில் தள்ளிவைத்திருந்த பைகளைக் கண்டிருக்கிறார்.

“வாற சனத்துக்கு அம்மாவின்ரை நினைவாக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகமும் சில்வர் கிண்ணமும் போட ஒரு மரியாதையான பை தேடித் திரிஞ்சனான். நானூறு வேணும். இலையை எடுத்துப்போட்டு அம்மாவின்ரை படத்தைப் போடுங்கோ. திகதி ரெண்டையும் மாத்துங்கோ. மிச்சமெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்.”

“தங்கச்சி யோசிச்சு யோசிச்சுச் செய்த டிசைன், ஐயா” என்றார் கோபிசங்கர், பூமி உருண்டையை மேசை லாச்சிக்குள் வைத்தபடி.

“இன்னொண்டு. லமினேற் பண்ணித் தரேலுமோ? அம்மாவின்ரை படமெல்லோ. மூண்டு மாசத்திலை உக்கிப்போனால் மனம் கேக்காது.”

கோபிசங்கர் ஒருகணம் முகட்டைப் பார்த்தார். “செய்யலாம், ஐயா.”

“லமினேற் பண்ணினால் பிறகு அதுவும் பிளாஸ்ரிக்தான்” என்றாள் பிரியந்தினி. “நான் செய்யமாட்டன்.”

சொல்லி முடித்த பிறகுதான் வேலை நினைவுக்கு வந்தது. கோபிசங்கர் பார்த்த பார்வையில் அது ஏற்கெனவே போயிருந்தது. கொள்கைக்காகச் சொன்னாளா, இலையைப் பறிகொடுத்த ஆத்திரத்திலா? அவளுக்கே தெரியவில்லை.

சண்முகநாதன் யோசித்தார். “அம்மா சொப்பிங் பாக்கைக்கூட எறியமாட்டா. கழுவிக் கொடியிலை காயப்போடுவா. ம்... சரி பிள்ளை, லமினேற் வேண்டாம். நான் வேறை வழி பாக்கிறன்.”

அந்த வழியை அவள் அந்தியேட்டி வீட்டில் கண்டாள். நானூறு பையும் ஒவ்வொன்றாகப் பளபளக்கும் பொலித்தீன் உறைக்குள் இருந்தன. வாங்கிய சனம் படம் மடங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனது. செத்தவரின் படம் போட்ட பையை யார் குப்பையில் போடப்போகிறார்கள்? அலுமாரிக்குள் உறையோடு கிடந்து பேரப்பிள்ளைகளின் காலத்தையும் காணும்.

“நாலு பேர் நம்பர் வாங்கினவை, தங்கச்சி” என்று கோபிசங்கர் காதுக்குள் சொன்னார்.

மறுநாள் நிரந்தர நியமனக் கடிதம் கிடைத்தது. அதை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. பிரியந்தினி எடுத்தாள்.

“ஓம், நாங்கள்தான் செய்யிறது... தகப்பனோ? பாஸ்போட் படம் வேண்டாம் அண்ணை, அதிலை எல்லாரும் முறைச்சுக்கொண்டுதான் இருப்பினம். சிரிச்ச படம் ஒண்டு தேடி அனுப்புங்கோ... இல்லை, லமினேற் பண்ணுறேல்லை.”